மூணாவது வெர்ஸ்

ரேஞ்சர்தான், ரேஞ்சரேதான், இதுல பேச்சே கிடையாது, சார்ஜனா, சார்ஜன் ஒரு லக்கேஜ் லா, ரேஞ்சர் அவனையும் தூக்கிக்கிட்டு நடந்தாரு, அவ்ளோதான், என்று காதுக்குள், போன் நிகழ்ச்சியில், அந்தப் பையன் யுவா அடித்துச் சொன்னபோது சர்குணத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது, சிரித்த சிரிப்பில் ஊசி குத்தியிருந்த இடது கை ஒரு பொட்டு அசைந்துவிட, பக்கத்தில் நின்ற மிஷின் ஊரைக் கூட்டிவிட்டது. நர்ஸ் பிரமிளா மிஸ்ஸி ஓடி வந்து குழாயைத் தட்டி, பொத்தானை அமுக்கி, "அண்ணே, கைய ஆட்டாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது, போன்ல அப்படி என்னா ஜோக்கு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனாள். ஜோக்குத்தான் மிஸ்ஸி. அந்த லக்கேஜ் நான்தான் மிஸ்ஸி. சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன விளங்கியிருக்கும், ரத்தம் கழுவ வருகிற இந்த லோரி டிரைவர், முன்னாள் லோரி டிரைவர், ஒரு காலத்தில் சார்ஜன் என்று பேர் வைத்துக்கொண்டு ராப் பாடினான், ரேஞ்சர் என்கிற ரெங்கநாதனோடு சேர்ந்து பிளாக் சி என்று ஒரு கேசட் போட்டான், கிள்ளான் முழுக்க மோட்டார் பட்டறையிலும் முடிவெட்டுகிற கடையிலும் அதுதான் ஓடியது என்றால், ஓ அப்படியா அண்ணே என்று பிரஷரைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருப்பாள். அந்தக் கேசட் வந்தபோது அவள் பிறந்திருந்தாளோ என்னவோ.

பழைய டேப் என்று அந்த நிகழ்ச்சிக்குப் பேர், சனிக்கிழமை காலையில் யூடியூபில் நேரலை, யுவா என்று ஒரு பையன், ஷர்மினி என்று ஒரு பெண், தாங்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த கேசட்டுகளை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பி சொத்துத் தகராறு மாதிரி அடித்துக்கொள்வார்கள். மலேசியாவில் தமிழ் ராப் பிறந்தது கிள்ளானிலா ஈப்போவிலா என்று ஒரு மாசம் ஓடியது. சினிமாவுக்குப் பாடப் போனவன் ராப்பரே இல்லை என்று ஒரு கட்சி, நியூயார்க்கின் பழைய ஆட்களை வரிசையாகச் சொல்லத் தெரியாதவன் வாயையே திறக்கக்கூடாது என்று ஒரு கட்சி, கேசட் போய் சிடி வந்த அன்றைக்கே ராப் செத்துவிட்டது என்று ஒருத்தன் எழுதினால் செத்தது உன் ரசனைதான் என்று கீழே பத்துப் பேர் எழுதுவார்கள். சர்குணம் ஒரு சனிக்கிழமை தப்பாமல் கேட்பான். அவனுக்கு வாரத்தில் மூன்று நாள் இந்த நாற்காலிதான், சனிக்கிழமை அதில் ஒன்று. ஏன் கேட்கிறான் என்றால், வெட்கத்தை விட்டுச் சொன்னால், தன் பேர் வருகிறதா என்று பார்க்கத்தான். வரும். இப்படித்தான் வரும், லக்கேஜ், ஜால்ரா, பின்பாட்டு. இன்றைக்கு விவாதம், இதுவரை வந்த மலேசியத் தமிழ் ராப்பிலேயே ஆகச் சிறந்த வெர்ஸ் எது. அதில் சண்டையே இல்லை, 'மங்கு' பாட்டின் மூணாவது வெர்ஸ், கிள்ளான்காரனும் ஈப்போக்காரனும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒத்துக்கொள்கிற ஒரே விஷயம் அதுதான். அதைப் பாடியது ரேஞ்சர் என்று கேசட் அட்டையிலேயே போட்டிருக்கிறது. அதைப் பாடியது சர்குணம்.

ஊமை கண்ட கனவு என்பார்களே, அது இதுதான். குளிர்கிறது. ஏர்கோனை யார் இப்படி வைத்தது, இல்லை, ஏர்கோன் இல்லை, இது உடம்பிலிருந்து தண்ணீரை உருவும்போது வருகிற குளிர், முதலில் பாதத்தில் பிடிக்கும், அப்புறம் கெண்டைக்காலை யாரோ துணி பிழிவது மாதிரிப் பிழிவார்கள், அப்புறம் கண் இருட்டும், அப்போது கையைத் தூக்கி மிஸ்ஸியைக் கூப்பிட வேண்டும், கூப்பிடுவதற்குள் போய்விட்டால் போய்விட்டதுதான். ஜன்னலோரத்து நாற்காலியில் சிக்கு அஸ்மி உட்காருவார், ஓய்வுபெற்ற வாத்தியார், வந்ததும் எல்லோருக்கும் கையைத் தூக்கி ஒரு சலாம் வைப்பார். போன வாரம் வரவில்லை. இந்த வாரம் அங்கே வேறு ஓர் ஆள், வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். ஏன் வரவில்லை என்று இங்கே யாரும் கேட்பதில்லை, விரிப்பை மாற்றுவார்கள், புது ஆளை உட்கார வைப்பார்கள். நாளைக்கு சர்குணம் வராவிட்டாலும் அப்படித்தான். பழைய டேப்பில் ஒரு சனிக்கிழமை, ஓ, சார்ஜனும் போயிட்டாராம் லா, என்று யுவா சொல்வான், பாவம், ரேஞ்சரோட இருந்தாரே அவருதானே, என்பான், கீழே நாலு பேர் அழுகிற முகம் போடுவார்கள், அதோடு முடிந்தது. சாவதற்குப் பயமா என்றால் ஆமாம், பயம்தான், யாருக்குத்தான் இல்லை. ஆனால் லக்கேஜாகச் சாவதை நினைத்தால் ஒன்று வருகிறதே, அது பயம் இல்லை, அதற்குப் பேர் தெரியவில்லை. நினைக்காதே, வேறு நினை.

வேறு என்ன நினைப்பது. முழங்கைக்கு மேலே, இந்த ஊசிக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம் எந்நேரமும் விர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும், ராத்திரி கையைத் தலைக்கு வைத்துப் படுத்தால் காதுக்குள் உறுமி அடிக்கிற மாதிரி, அந்த உறுமியில்தானே எல்லாம் ஆரம்பித்தது. தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய பிளாட்டில் சி பிளாக், அதனால்தான் பிளாக் சி, இவன் வீடு மாடியில், ரெங்கா வீடு கீழே. பாசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தையில் விற்ற கள்ளக் கேசட்டில் அமெரிக்கக் கறுப்பர்கள் பேசினார்கள், பாடவில்லை, பேசினார்கள், வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அவர்கள் யார் மேலோ கோபமாக இருக்கிறார்கள் என்பதும் அது நியாயமான கோபம் என்பதும் விளங்கியது. அங்கே ரெண்டு இசைத்தட்டை வைத்து ஒரே தாளத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டுவார்களாம். இங்கே ஏது இசைத்தட்டு. ரெங்காவின் அப்பா கோவிந்தராஜு, பஸ் கண்டக்டர், தொப்பையும் சிரிப்புமாக ஒரு மனுசன், ரெட்டை டேப் வைத்த பெரிய ரேடியோ ஒன்று வைத்திருந்தார், அதில் கோயில் திருவிழா கேசட்டைப் போட்டு, உறுமி ஒரு சுற்று வந்ததும் பாஸ் பொத்தானை அமுக்கி, பின்னால் தள்ளி, மறுபடி அதே சுற்று, மறுபடி பாஸ், ஒரு பாட்டுக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போகும், விரல் நுனி வீங்கிவிடும். கண்டக்டர் வேலை முடிந்து வந்து, "டேய் பசங்களா, அந்த உறுமிக்காரனை விடுங்கடா, பாவம் மூச்சு வாங்கட்டும்" என்பார். ரெங்காவுக்கு இடி மாதிரிக் குரல், இவனுக்குச் சாதாரணக் குரல், ஆனால் மூச்சு இவனுக்குத்தான், தோட்டத்துப் பையனுக்கு மலை ஏறி ஏறி வந்த மூச்சு. ரெங்கா முன்னால் பாட, ஒவ்வொரு வரியின் கடைசி வார்த்தையையும் இவன் சேர்ந்து சொல்லித் தடிப்பாக்குவான், அதற்கு இரட்டித்தல் என்று அவர்களே பேர் வைத்துக்கொண்டார்கள். இரட்டிக்க வேண்டுமானால் கூட்டாளியின் தொண்டையாகவே ஆகிவிட வேண்டும், எங்கே இழுப்பான், எங்கே கடிப்பான், எல்லாம் அத்துப்படி. தேத்தண்ணி குடிக்கிற மாமாக் கடையின் போனில் ரெங்கா மாதிரிப் பேசி ரெங்காவின் அப்பாவையே ஏமாற்றியிருக்கிறான்.

அப்புறம் தைப்பூசம் வந்தது. ஸ்டூடியோவுக்கு நாள் குறித்தது யார், ரெங்காவா இவனா, அதில் இன்றைக்கு வரை சந்தேகம், ரெண்டு பேரில் ஒருத்தனுக்குக்கூட நாள்காட்டியைப் பார்க்கப் புத்தி இல்லை, தைப்பூசத்துக்கு மறுநாளா பதிவு வைப்பான் ஒரு தமிழன். ரெங்கா மாமன் மகனின் காவடிக்குக் கூடப் போனான், ஆற்றங்கரையிலிருந்து மேலே மலைக்கோயில் வரை வேல் வேல் என்று கத்திக் கத்தி, மறுநாள் ஸ்டூடியோவுக்கு வந்தபோது அவன் வாயைத் திறந்தால் வெறும் காற்று. வேறு நாள் கிடையாது, கேசட் அட்டை முன்னாலேயே அச்சாகி வந்துவிட்டது, மூணாவது வெர்ஸ் ரேஞ்சர் என்று போட்டு. சைக்கிள் கடைக்கு மேலே அந்த ஸ்டூடியோ, சவுண்ட் பார்த்த சீனப் பையன் ஆ சோங்குக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, சீக்கிரம் சீக்கிரம் என்று மட்டும் சொன்னான். நீயே என் குரல்ல பாடிடு என்று ரெங்கா சைகை காட்டினான். இவன் தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குரலைக் கனமாக்கி, ரெங்கா எழுதிக் கொடுத்ததைப் படிக்கப் பார்த்தான், ஒட்டவில்லை, யாரோ பெண்ணைப் பற்றி, காரைப் பற்றி. தாளைக் கீழே போட்டான். கண்ணை மூடினால் அப்பா நின்றார். வீராசாமி, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு, விடிகாலையில் மண்டோர், கங்காணிதான், பேர் கூப்பிட்டதும், மரத்து மங்கில் வடிகிற பாலைச் சேர்க்கத் தூக்குச் சட்டியும் கத்தியுமாகப் போகிற மனுசன், காலெல்லாம் அட்டைக் கடி, தோட்டத்தை விற்று எல்லாரையும் வெளியாக்கியபோது சாமானோடு லோரியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வழியில் மேய்ந்து திரும்பிய மாடுகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதுவரைக்கும் இவன் அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை. உறுமி சுற்றி வந்தது, வாய் தானாகத் திறந்தது.

மங்கு கவுந்த மண்ணுமேல மங்கிப்போன மனுசன் பேர
மண்டோர் இனிமே கூப்பிட மாட்டான், மரமும் இனிமே கூப்பிடாது,
மாட்டுக்குக்கூட கொட்டா உண்டு, மழைக்கு ஒதுங்க மேடு உண்டு,
மாடுகூட வீடு சேரும், மகனே, நமக்கு வீடு எது.

நாலு வரி, ஒரே மூச்சு, நடுவில் ஒரு இடத்திலும் வாங்காமல். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆ சோங் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான், அர்த்தம் தெரியாதவனுக்கே அப்படி. ரெங்கா உள்ளே வந்து கட்டிப்பிடித்தான், அழுதிருந்தான், செத்த குரலில் காதோரம், "டேய், உங்கப்பாவ எனக்குக் குடுத்துருடா" என்றான். இவன் சிரித்துக்கொண்டே, "எடுத்துக்கோ" என்றான். சொன்னானே, வாய்க்கொழுப்பு, எடுத்துக்கோ என்று சொன்னானே. பையன்கள் எதைத்தான் கொடுக்க மாட்டார்கள், சட்டையைக் கொடுப்பார்கள், மோட்டாரைக் கொடுப்பார்கள், அது மாதிரி அப்பனையும் கொடுத்துவிட்டான். ரெங்கா எடுத்துக்கொண்டான். கேசட் வந்தது, ஓடியது, மூணாவது வெர்ஸ் தீயாகப் பிடித்தது, ரெங்காவைத் தனியாக மேடைக்குக் கூப்பிட்டார்கள், சிங்கப்பூருக்குக் கூப்பிட்டார்கள், சண்டை என்று ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை, இவன் லோரி ஓட்டப் போனான், அவன் மைக் பிடிக்கப் போனான். ஒருவாட்டி மாமாக் கடையில் பார்த்தபோது, "சொல்லிரவா எல்லார்கிட்டயும், சொல்லு, சொல்லிர்றேன்" என்றான் ரெங்கா, தே தாரேக் டீயைக் கலக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல். அப்படிக் கேட்டால் ஆமாம் சொல்லு என்று எவன் சொல்வான். விடுடா, என்றான் இவன். அப்புறம் நெடுஞ்சாலையில் மோட்டாரில் போன ரெங்கா திரும்பவில்லை, சவ ஊர்வலத்தில் அத்தனை பையன்களும் சேர்ந்து அந்த நாலு வரியைத்தான் சொன்னார்கள், மூச்சு வாங்கி வாங்கி, இவனும் கூட்டத்தோடு நின்று, ஆமாம், இரட்டித்தான். அதை இப்போது நினைத்து என்ன ஆகப்போகிறது.

"ஒரு நிமிஷம் யுவா, நான் ஒன்னு சொல்றேன், எல்லாரும் என்னைய அடிக்க வருவீங்க" என்றாள் ஷர்மினி. காதுக்குள் அவள் குரல் வந்ததும் சர்குணம் நிமிர்ந்தான், நிமிரக்கூடாது, சாய்ந்துகொண்டான். "மூணாவது வெர்ஸ் ரேஞ்சர் இல்ல." யுவா சிரித்தான். அவள் விடவில்லை. "நான் ரேஞ்சரோட மேடை வீடியோ எல்லாம் பாத்தேன். ஒவ்வொரு மேடையிலயும் இந்த நாலு வரி வரும்போது மைக்க கூட்டத்துப் பக்கம் திருப்பிருவாரு. ஒன்னுல கூட அவரு பாடல. ஏன்? மூச்சு பத்தாது. மத்த பாட்டெல்லாம் பாருங்க, ரெண்டு வரிக்கு ஒரு வாட்டி அவருக்கு மூச்சு வேணும், கேக்கும். அதே கேசட்ல சார்ஜனோட வெர்ஸ எடுங்க, யாரும் கேக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும், எடுத்துக் கேளுங்க, அந்த ஆளு மூச்சே வாங்க மாட்டான். குரல மாத்தலாம் யுவா, மூச்ச மாத்த முடியாது." ஐயோ. ஐயோ பெண்ணே. சர்குணத்துக்கு உடம்பு பூரா ஒரு சூடு ஓடியது, மிஷின் ரத்தத்தைத் திருப்பி அனுப்பும்போது வருகிற சூடு இல்லை, இது வேறு. யார் பெற்ற பிள்ளையோ, எந்த அறையில் உட்கார்ந்து எத்தனை தரம் திருப்பித் திருப்பிக் கேட்டாளோ, இத்தனை வருஷத்தில் பெண்டாட்டி கேட்கவில்லை, ரெங்கா செத்த அன்றைக்கு மைக் நீட்டின டிவிக்காரன் கேட்கவில்லை, இவள் கேட்டிருக்கிறாள், மூச்சைக் கேட்டிருக்கிறாள். கண் கலங்கியது. துடைக்க முடியவில்லை, வலது கையில் போன் இருந்தது. கீழே எழுதுகிறவர்கள் அவளை வாங்கு வாங்கு என்று வாங்கினார்கள், பொம்பளைக்கு ராப்பைப் பற்றி என்ன தெரியும், போய் சமையல் வீடியோ போடு, ரேஞ்சர் ஆவி உன்னைச் சும்மா விடாது. எழுதுங்கடா எழுதுங்க, என்று நினைத்துக்கொண்டான். அவள் ஒருத்தி போதும்.

சரி, வம்பு எதுக்கு, ரேஞ்சர் வீட்டையே கேட்டுருவோம், என்று யுவா ஒரு போனைப் போட்டான், ரேஞ்சரின் மகன் ஜீவேந்திரன் லைனில் வந்தான். குரல் வந்ததும் சர்குணம் வாய்க்குள் டேய் ரெங்கா என்று சொல்லிவிட்டான், அப்படியே அந்த இடி. "அக்கா, நீங்க ரசிகை, உங்கமேல கோவம் இல்ல" என்றான் ஜீவா, பொறுமையான பையன். "ஆனா அது எங்கப்பாதான். ஏன்னா அது எங்க தாத்தா கதை. எங்க தாத்தா தோட்டத்துல பால் வெட்டுனவரு. காலெல்லாம் அட்டைக் கடி. தோட்டத்த விட்டு வெளியாக்குனப்போ லோரியில உக்காந்து மாட்டப் பாத்து ஒரு வார்த்த சொன்னாரு, எங்கப்பா பக்கத்துல இருந்து கேட்டாரு, அதுதான் கடைசி வரி. வேற யாராலயும் அத எழுத முடியாதுக்கா." சர்குணத்துக்குக் காது அடைத்தது. டேய். பாவிப்பயலே. உன் தாத்தா பஸ் கண்டக்டருடா, கோவிந்தராஜுடா, அட்டையைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டாருடா. ரெங்கா, வெர்ஸை எடுத்தாய், சரி, கேட்டுத்தானே எடுத்தாய், மேடையை எடுத்தாய், சரி, லோரியில் உட்கார்ந்திருந்த அந்த மனுசனையுமா எடுத்துக்கொண்டு போய் வீட்டில் வைத்து மகனுக்குத் தாத்தா என்று காட்டினாய். ஆனால் ரெங்காவா சொன்னான்? வாயால் சொன்னானா? அப்பன் செத்தபோது பையனுக்கு ஏழோ எட்டோ, கேசட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டுத் தானாகவே ஒரு தாத்தாவைச் செய்துகொண்டானா? லோரி பாட்டில் இல்லையே. மாடு இருக்கிறது, லோரி இல்லை. அப்படியானால் ரெங்கா சொல்லியிருக்கிறான், என்றைக்கோ பையனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சொல்லியிருக்கிறான். அல்லது லோரியைப் பற்றி எங்காவது வேறு ஆட்கள் சொல்லியிருக்கலாம். இல்லை, லோரி இவனுக்கும் ரெங்காவுக்கும் மட்டும் தெரிந்தது, பாடி முடித்த அன்றைக்கு இவன் அவனிடம் மட்டும் சொன்னது. மறுபடி மறுபடி இதே இடத்தில் வந்து நின்றது, சொன்னானா, சொல்லவில்லையா, ஊசி குத்தின கையை ஆட்டாமல் இதை எப்படி நினைப்பது.

திரையில் நம்பர் ஓடியது. கட்டைவிரல் போய் அமுக்கிவிட்டது, அவன் அமுக்கினானா என்று கேட்டால் தெரியாது. "பழைய டேப், யார் பேசுறது?" என்றான் யுவா. "சார்ஜன்" என்றான் சர்குணம். "எந்த சார்ஜன்?" "லக்கேஜ்." அப்புறம் ஜீவாதான் பேசினான், "அங்கிள், மன்னிச்சுக்கங்க, எங்கப்பா போனப்புறம் நான்தான் சார்ஜன்னு மூணு பேர் பேசிட்டாங்க, ஒருத்தர் சிரம்பான்லேர்ந்து வீட்டுக்கே வந்தாரு." ஷர்மினி குறுக்கே விழுந்தாள், "அண்ணே, நெஜமாவே நீங்கதான்னா, ஒன்னே ஒன்னு, அந்த நாலு வரி. ஒரே மூச்சு. எனக்குப் போதும்ணே." போதுமா பெண்ணே. ஒரு வார்த்தை போதும் எனக்கு, ஜீவா, உன் தாத்தா பேர் என்ன, எந்த பஸ்ஸில் டிக்கெட் கிழித்தார், கிள்ளானில் பழைய ஆள் எவனையும் கேள், என்று ஒரு வார்த்தை, எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும், அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அந்தப் பையன் தாத்தா என்று சொன்னபோது குரல் கனிந்ததே, அது கெடுத்துவிட்டது. வேண்டாம். பாடியே காட்டுவோம். கண்டக்டரை அவர் சிரிப்போடு இருக்க விடு.

தாடையை நெஞ்சோடு ஒட்டினான். எதிரே சிக்கு அஸ்மியின் நாற்காலிக்காரன் விழித்துப் பார்த்தான். மங்கு கவுந்த மண்ணுமேல மங்கிப்போன மனுசன் பேர, குரல் கிடைத்துவிட்டது, ரெங்காவின் தொண்டை இருபத்தாறு வருஷம் கழித்தும் அங்கேயே இருந்தது, மண்டோர் இனிமே கூப்பிட மாட்டான், நெஞ்சுக்குக் கீழே தண்ணீர் கோத்த இடம் கனத்தது, மரமும் இனிமே, மரமும் இனிமே, பிரஷர் இறங்குகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது, கூப்பிடாது, என்று சொல்லும்போது காற்று இல்லை. வாங்கினான். ஹக்கென்று ஒரு மூச்சு, மைக் அதை அப்படியே வாங்கி ஊருக்கெல்லாம் கொடுத்தது. மாட்டுக்குக்கூட கொட்டா உண்டு, மறுபடி ஒரு மூச்சு. மழைக்கு ஒதுங்க. மேடு. மூன்றாவது மூச்சு. கடைசி வரியைச் சொல்லவே இல்லை, அப்பாவின் வார்த்தையை இப்படி இருமி இருமிச் சொல்ல மனசு வரவில்லை. மிஷின் கத்தியது, பிரமிளா ஓடி வந்து நாற்காலியின் தலைப்பக்கத்தைத் தாழ்த்திக் காலை உயர்த்தினாள், "அண்ணே, பாட்டா பாடுறீங்க, பிரஷர் எங்க போச்சு பாருங்க" என்று திட்டினாள்.

"அங்கிள்" என்றாள் ஷர்மினி. அண்ணே போய் அங்கிள் வந்துவிட்டது. "கோவிச்சுக்காதீங்க. நான் இத ராத்திரி பகலா கேட்டவ. குரல் நல்லா புடிக்கிறீங்க. ஆனா அது நீங்க இல்ல. மூச்சு அந்த மூச்சு இல்ல." பிறகு யுவாவிடம், களைத்த குரலில், "சரி, நான் தோத்துட்டேன். ரேஞ்சர்னே வச்சுக்குவோம்" என்றாள். ஏசுவதற்கு ஒரு வார்த்தை வரும் என்று சர்குணம் காத்திருந்தான், வரவில்லை. எப்படி வரும். அவள் காது நல்ல காது. அந்த மூச்சு இவனிடம் இல்லைதானே. போனை வைத்துவிடலாம் என்று விரல் போனபோது ஜீவா கேட்டான், "அங்கிள், வரியெல்லாம் ஒரு எழுத்து மாறாம சொல்றீங்க. எங்க தாத்தாவத் தெரியுமா உங்களுக்கு? எங்கம்மா பாத்ததில்ல. படம்கூட இல்ல, வெள்ளத்துல எல்லாம் போச்சு."

சர்குணம் மேலே ஓடுகிற காற்றாடியைப் பார்த்தான். இதுதான் கடைசி இடம், இங்கே சொன்னால் சொன்னது, இல்லாவிட்டால் இல்லை. "தெரியும்" என்றான், தன் குரலில், சாதாரணக் குரலில். "எங்க தோட்டம்தான். ஒல்லியா, கறுப்பா இருப்பாரு, காதுல பீடி சொருகியிருப்பாரு. மேல்பல்லு ரெண்டு இருக்காது, சிரிக்கும்போது கைய வச்சு மறைச்சுக்குவாரு. மரத்துக்கு நோகாம வெட்டுவாரு, தோட்டத்து ஆபீஸ் கிராணியே வந்து நின்னு பாப்பான். யாரையும் அடிச்சதில்ல, பிள்ளைங்கள ஒரு வார்த்த வஞ்சதில்ல." "பீடியா" என்றான் ஜீவா, சிரித்தான், அழுதான் போல, "நன்றி அங்கிள், ரொம்ப நன்றி, உடம்பப் பாத்துக்கங்க." கொடுத்தாகிவிட்டது. அன்றைக்கு விளையாட்டாகக் கொடுத்தது, இன்றைக்குப் பல்லு பீடி எல்லாம் எண்ணி, ஒன்று விடாமல் கொடுத்தாகிவிட்டது. வயிறு எரிந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அப்பா, என்று ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பிரமிளா மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம்தாண்ணே, தூங்காதீங்க, என்றாள். காதுக்குள் யுவா, ரேஞ்சர் நினைவாக மூணாவது வெர்ஸ், முழுசா, என்று சொல்லிக் கேசட்டைப் போட்டான். உறுமி சுற்றி வந்தது. சர்குணம் கண்ணை மூடி, நெஞ்சு கொள்ளுகிற மட்டும் காற்றை இழுத்து வைத்துக்கொண்டான், கூடவே போய்ப் பார்ப்போம் என்று. மங்கு கவுந்த மண்ணுமேல. மண்டோர். மரமும். மார் அடைத்தது, பொறுத்தான், கண்ணுக்குள் பூச்சி பறந்தது, பொறுத்தான், முடியாமல் வாயைத் திறந்து விட்டுவிட்டான். காதுக்குள், கேசட்டில் இருந்த பையன் இன்னும் மூச்சு வாங்கவே இல்லை.